ட்ரைபாடும் ஃப்ளூயிட் ஹெட்டும் வாங்கப் போகிறீர்களா? முதலில் கேமராவை எடை போடுங்கள்

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் வைகாசித் தேர். நான் வீடியோ வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். தேரடிக்கு எதிரே ஒரு மாடியில் முதல் நாளே சொல்லிவைத்து இடம் பிடித்திருந்தேன். தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் சக்கரத்தில் தொடங்கி மெதுவாக ஏறி கலசத்தில் முடிக்க வேண்டும். அந்த ஒரு ஷாட்டை ராத்திரி முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

வடம் இறுகியது. தேர் அசைந்தது. ஹேண்டிலை மெல்ல அழுத்தினேன், கேமரா நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வெடுக்கென்று தாவி தேர்ச்சீலைகளுக்கு நடுவில் போய் நின்றது. சமாளித்து மேலே ஏற்றி, கலசத்தில் நிறுத்திக் கையை எடுத்தேன். கேமரா தானாகவே மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கிவிட்டது. அந்த உபயதாரர் குடும்பம் ஆசையாகக் கேட்டிருந்த ஷாட் அது. தேர் மறுபடி நிலையிலிருந்து கிளம்ப இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

கேமராவில் எந்தக் குறையும் இல்லை. அதன் கீழே இருந்தது போட்டோ எடுப்பதற்கான ஸ்டாண்டு. எங்கள் பக்கம் ட்ரைபாடை ஸ்டாண்டு என்றே சொல்வோம். கேமராவுக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குகிற தம்பிகள் ஸ்டாண்டு என்று வரும்போது கையில் மிச்சம் இருக்கும் பணத்துக்கு எது வருமோ அதை எடுத்துவிடுகிறார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்யாணம், திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, செய்தி என்று வேலைக்கு வந்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா மூன்று நான்கு வருடத்தில் மாறும். நல்ல ஸ்டாண்டு பதினைந்து வருடம் கூட உங்களோடு வரும். அதனால் கொஞ்சம் பொறுமையாகவே படியுங்கள்.

ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது

ஸ்டாண்டு என்பது ஒரே பொருள் இல்லை. மேலே கேமராவைத் திருப்புகிற ஹெட், கீழே கால்கள், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கிண்ணம். அதைத்தான் பௌல் என்கிறார்கள். கடையில் மூன்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்றாலும், தேர்வு செய்யும்போது மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் முதலில் ஹெட்டுக்கே கொடுங்கள்.

சாதாரண ஹெட்டில் இரண்டு பரப்புகள் நேராக ஒன்றோடொன்று உரசுகின்றன. உரசுகிற பொருள் நிற்கும்போது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், நகரத் தொடங்கியதும் பிடி தளரும். தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையிலிருந்து கிளப்ப ஊரே வடம் பிடிக்க வேண்டும், சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுத்து நெம்ப வேண்டும். உருண்டுவிட்டால் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துவதுதான் பெரும்பாடு. அன்றைக்கு என் ஹெட்டுக்குள் நடந்ததும் இதேதான்.

ஃப்ளூயிட் ஹெட்டில் அந்தப் பரப்புகளுக்கு நடுவே கெட்டியான சிலிகான் எண்ணெய் இருக்கிறது. வெல்லப்பாகில் கரண்டி விட்டுக் கிண்டியவர்களுக்கு இது உடனே புரியும். மெதுவாகக் கிண்டினால் பாகு வழிவிடும், வேகமாகக் கிண்டினால் எதிர்க்கும். கையில் வரும் சின்னச் சின்ன உதறல் எல்லாம் வேகமான அசைவு, அதை எண்ணெய் தடுத்துவிடுகிறது. நாம் வேண்டுமென்றே செய்கிற மெதுவான அசைவு மட்டும் கேமராவுக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவின் மில்லர் நிறுவனம் 1940களில் கொண்டுவந்த யோசனை இது. ஜெர்மனியின் சாக்ட்லர், இத்தாலியின் மான்ஃப்ரோட்டோ, ஜப்பானின் லிபெக் என்று இன்றைக்கு எந்தப் பெயரை எடுத்தாலும் அடிப்படை இதுதான்.

ஒரு எச்சரிக்கை. 'ஃப்ளூயிட்' என்று அச்சடித்த பெட்டிக்குள் எல்லாம் இப்படிப்பட்ட ஹெட் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். விலை ரொம்பக் குறைந்த சிலவற்றில் உரசும் இடத்தில் கிரீஸ் தடவியிருப்பார்கள், அவ்வளவுதான். பெட்டியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கையால் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

கேமராவை எடை போடுவது

வீட்டிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை இது. தெரிந்த மளிகைக் கடையில் டிஜிட்டல் தராசு இருக்கும். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கேட்டால் தாராளமாகக் கொடுப்பார்கள். முகூர்த்த நாளில் கேமரா எப்படி இருக்குமோ அப்படியே, லென்ஸ், பாட்டரி, மைக், மானிட்டர், வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர், அடியில் மாட்டும் பிளேட் வரை எல்லாவற்றையும் ஏற்றி எடை பாருங்கள்.

வெறும் கேமராவின் எடையை நம்பினால் கணக்கு எங்கேயோ போய்விடும். சோனி எஃப்.எக்ஸ்.3 பாட்டரியோடு 715 கிராம். சோனியின் 24-105 லென்ஸ் 663 கிராம். இரண்டும் சேர்ந்தால் 1.4 கிலோ கூட வராது. அதே கேமராவுக்கு கேஜ் (சுற்றி மாட்டும் உலோகச் சட்டம்), மானிட்டர், மைக், டிரான்ஸ்மிட்டர், பின்னால் ஒரு பெரிய வி-மவுன்ட் பாட்டரி என்று மாட்டிக்கொண்டே போனால் 3 கிலோவைத் தாண்டிவிடும். 70-200 எஃப்2.8 லென்ஸ் மாற்றினால் அந்த லென்ஸ் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். அதனால் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் ஏற்றப்போகும் மிகக் குறைந்த எடை, மிக அதிக எடை. உங்கள் ஹெட் இந்த இரண்டுக்கும் நடுவில் முழுக்க வேலை செய்ய வேண்டும்.

எடையோடு இன்னொன்றையும் பாருங்கள். கேமரா தட்டையாக இருக்கிறதா, மேலே மேலே சாமான் ஏறி உயர்ந்து நிற்கிறதா? ஒரே 3 கிலோதான், ஆனால் எடை மேலே போகப் போக சாயும்போது இழுப்பு அதிகமாகும். மானிட்டரையும் பாட்டரியையும் முடிந்தவரை கீழே, பக்கவாட்டில், பின்னால் மாட்டினால் ஹெட்டுக்கு வேலை குறையும்.

கையை எடுத்தால் நிற்க வேண்டும்

முழுக் கட்டுரையிலும் இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம்.

கேமராவை முன்பக்கம் சாய்க்கும்போது அதன் எடை அச்சைத் தாண்டி முன்னே போகிறது. சாயச் சாய இழுப்பு கூடுகிறது. ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு ஸ்பிரிங் அதே அளவு பின்னுக்கு இழுத்தால் இரண்டும் சமமாகி, கேமரா விட்ட இடத்தில் நிற்கும். இதற்குப் பெயர் கவுன்டர்பேலன்ஸ். ஸ்பிரிங் பலம் குறைவாக இருந்தால் கேமரா முன்னால் விழும். அதிகமாக இருந்தால் குனிந்த கேமரா தானே நிமிர்ந்துகொள்ளும். இரண்டுமே ஆபத்துதான். ஒரு மணி நேரம் ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் மணிக்கட்டு போய்விடும், ஷாட்டிலும் அது தெரியும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் '8 கிலோ தாங்கும்', '10 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பார்கள். ஹெட் உடையாமல் எவ்வளவு எடையை ஏற்றலாம் என்பதுதான் அது. நீங்கள் தேட வேண்டிய எண், கவுன்டர்பேலன்ஸ் எத்தனை கிலோவுக்கு என்பது. மான்ஃப்ரோட்டோ 500 ஹெட்டைப் பாருங்கள். 5 கிலோ வரை ஏற்றலாம், ஆனால் உள்ளே இருக்கும் மாற்ற முடியாத ஸ்பிரிங் 2.4 கிலோவுக்கு அமைத்தது. 4 கிலோ கேமராவை அதில் வைத்தால் ஹெட் உடையாது, ஆனால் கேமரா முன்னால் தொங்கும். சாக்ட்லர் ஏஸ் எம் போன்றவற்றில் 0 முதல் 4 கிலோ வரை படிப்படியாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இன்னும் மேலே போனால் படியே இல்லாமல் சீராகத் திருகி, கிராம் கணக்கில் பொருத்தும் ஹெட்டுகள் இருக்கின்றன.

எது வேண்டும்? எப்போதும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஏறக்குறைய ஒரே எடை என்றால் மாற்ற முடியாத ஸ்பிரிங் போதும், உங்கள் எடையும் அதன் எண்ணும் நெருங்கி இருக்க வேண்டும். காலையில் 24-105, சாயங்காலம் 70-200, நாளைக்கு வாடகைக்கு எடுத்த பெரிய கேமரா என்று மாறுகிறவர்கள் படி உள்ள ஹெட்டுக்குத்தான் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். கால் அலுமினியமாக இருந்தாலும் பரவாயில்லை, பிராண்ட் பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கவுன்டர்பேலன்ஸ் மட்டும் பொருந்தியே ஆக வேண்டும்.

பெரிய ஹெட்டாக வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ கேமராவை 6 கிலோவில் தொடங்கும் ஹெட்டில் வைத்தால் ஹேண்டிலை அழுத்திப் பிடித்தே குனிய வைக்க வேண்டும், விட்டால் துள்ளும். செருப்பு மாதிரிதான் இதுவும், இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் நடக்க முடியாது.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் புதுச்சேரியில் பல வருடம் செய்திக் கேமரா தூக்கிய ஓர் அண்ணன். தேர் ஷாட்டை அவரிடம் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தன் பழைய ஸ்டாண்டைக் கொண்டுவந்து நடு வீட்டில் நிறுத்தி, என் கேமராவை அதில் ஏற்றினார். ஸ்பிரிங்கை இரண்டு படி குறைத்தார். "தம்பி, லாக்க விடு. டிராக்க ஜீரோவுல வை. இப்ப கேமராவ குனிய வெச்சிட்டு மெதுவா கைய எடு" என்றார். (டிராக் என்றால் என்ன என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.) எடுத்தேன். தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. "அண்ணே, லாக் போடலியே" என்றேன். "போடாமத்தான் நிக்கணும்" என்றார். ஒரு விரலால் தொட்டேன், பூ மாதிரி நகர்ந்தது. அந்த வாரமே என் ஸ்டாண்டை மாற்றிவிட்டேன்.

டிராக்

திருப்பும்போது எவ்வளவு எதிர்ப்பு வேண்டும் என்பதை வைக்கிற திருகு இது. பக்கவாட்டில் திருப்புவதற்கு ஒன்று, மேலும் கீழும் சாய்ப்பதற்கு ஒன்று, இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். வைடு லென்ஸில் குறைவாக வையுங்கள், ஜூம் போகப் போகக் கூட்டுங்கள். நாட்டியாஞ்சலிக்குச் சிதம்பரம் போனால் ஆடுபவர் எந்தப் பக்கம் துள்ளுவார் என்று தெரியாது, அப்போது டிராக் குறைவாக இருந்தால்தான் கூடவே போக முடியும். தேரையோ கடலில் போகும் படகையோ தூரத்திலிருந்து பிடிக்கும்போது அதிகம் வேண்டும். 1, 2, 3 என்று எண் போட்ட படிகள் உள்ள ஹெட் நல்லது, நேற்று வைத்த அளவை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

டிராக்கை இறுக்கிக் கேமராவை நிற்க வைப்பது தப்பு. கவுன்டர்பேலன்ஸ் பொருந்தாத ஹெட்டை விற்கிறவர் டிராக்கை முழுக்க இறுக்கி, "பாருங்க சார், நிக்குது" என்று காட்டலாம். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள்.

பௌலும் கால்களும்

ஹெட்டின் அடி அரைக் கோளமாக இருக்கும், கிண்ணத்தில் உட்காரும். கீழே உள்ள பிடியைத் தளர்த்தி ஹெட்டைச் சாய்த்து மட்டம் பார்த்து இறுக்கினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. கால்களை ஏற்றி இறக்கி மட்டம் பார்க்க வேண்டியதில்லை. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கும் அதே குமிழி ஹெட்டிலும் இருக்கும். மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டு ரிசப்ஷன் நடத்துகிறார்களே, அங்கே குமிழிக்கு வெளிச்சம் உள்ள ஹெட் ரொம்ப உதவும்.

கிண்ணத்தின் அளவு 75, 100, 150 மில்லிமீட்டர் என்று வரும். நம் வேலைக்கு 75 போதும். தோளில் வைக்கும் பெரிய கேமரா, நீள லென்ஸ், பிராம்ப்டர் என்று ஏறினால் 100. 150 என்பது ஸ்டுடியோவுக்கும் பெரிய விளையாட்டு ஒளிபரப்புக்கும். காலும் ஹெட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் குழாய் ஏறி இறங்கும் போட்டோ ஸ்டாண்டை வீடியோவுக்கு வாங்க வேண்டாம். அந்தக் குழாயை மேலே தூக்கிவிட்டால் மூன்று காலும் சும்மா, ஒற்றைக் குச்சியின் மேல்தான் கேமரா ஆடிக்கொண்டு நிற்கும்.

மட்டம் எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமென்றால் விடியற்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போங்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, கடலையும் வானத்தையும் பிரிக்கும் கோட்டை ஃப்ரேமின் நடுவில் வைத்து இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். பௌல் துளி சாய்ந்திருந்தால்கூடத் தொடங்கும்போது நேராக இருந்த கடல், முடிக்கும்போது ஒரு பக்கம் சரிந்திருக்கும். உள்ளே மண்டபத்தில் யாருக்கும் தெரியாத குறை, கடலுக்கு முன்னால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக ஸ்டாண்டு வாங்கிய எவருக்கும் நான் சொல்கிற முதல் பயிற்சி இதுதான்.

கால்களில் இரட்டைக் குழாய் உள்ளது வீடியோவுக்கு நல்லது. ஒற்றைக் குழாய்க் கால் எடை குறைவு, ஆனால் விலை குறைந்தவை முறுக்கிக்கொள்ளும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கால்களை முழுக்க நீட்டி நிறுத்துங்கள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டீயரிங் மாதிரித் திருப்பப் பாருங்கள். கால் எவ்வளவு முறுக்கிக்கொண்டு திரும்பி வருகிறதோ, ஜூம் லென்ஸில் பேன், அதாவது பக்கவாட்டுத் திருப்பல், முடிக்கும்போது படம் அவ்வளவு பின்னால் வரும். அப்புறம் உங்கள் உடல் எடையைக் கொஞ்சம் கொடுத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கிளிப் வழுக்கிக் கால் இறங்கினால் அந்த ஸ்டாண்டு வேண்டாம்.

அலுமினியமா, கார்பனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்பன் எடை குறைவு, கடல் உப்பு அந்தக் குழாயை அரிக்காது. விலைதான் அதிகம். உதவிக்கு ஆள் இல்லாமல் பஸ்ஸிலும் பைக்கிலும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலைகிறவர் என்றால் கார்பனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கார் வைத்திருக்கிறவருக்கு அலுமினியம் தாராளம்.

மணல், காற்று, மேடை

மூன்று கால்களும் விரியாமல் பிடித்துக்கொள்ளும் இணைப்புக்கு ஸ்பிரெடர் என்று பெயர். தரையோடு படுத்திருப்பது ஒரு வகை, காலின் நடுவில் இருப்பது இன்னொரு வகை. மண்டபத்தின் வழுவழுப்பான தரைக்குத் தரை ஸ்பிரெடர் நல்லது. எங்கள் ஊரில் வேலையில் பாதி கடற்கரையிலும் கோயில் வாசலிலும்தான் நடக்கிறது என்பதால் நான் நடு ஸ்பிரெடரைத்தான் சொல்வேன். படிக்கட்டிலும் மணலிலும் தரை ஸ்பிரெடர் உட்காராது.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நிறுத்தும்போது ரப்பர் பாதத்தைக் கழற்றிவிட்டு முள்ளை மணலில் இறக்குங்கள். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அழுத்தி, இனி இறங்காது என்று தெரிந்த பிறகே மட்டம் பாருங்கள். காலின் அடிப்பகுதிக் குழாயை முதலில் நீட்டுங்கள், அப்போதுதான் கிளிப்புகள் மணலிலிருந்து உயரத்தில் இருக்கும். மணல் ஒரு முறை கிளிப்புக்குள் போனால் நறநறவென்று அரைத்துக்கொண்டே இருக்கும்.

கடற்காற்றுக்குக் காலை அகலமாக விரித்து உயரத்தைக் குறையுங்கள். நடு ஸ்பிரெடரின் மேல் மணல் மூட்டையைக் கிடத்துங்கள். பையை அந்தரத்தில் தொங்கவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. காற்றில் அந்தப் பை ஊஞ்சலாடி, ஸ்டாண்டையும் சேர்த்து ஆட்டும். தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் பையின் அடி தரையைத் தொடட்டும்.

மண்டபத்தில் எதிரி வேறு. மேடை பலகையால் ஆனது. கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதை போட ஐம்பது பேர் ஏறுவார்கள், பலகை குதிக்கும், கேமராவும் குதிக்கும். எவ்வளவு நல்ல ஃப்ளூயிட் ஹெட்டும் தரை ஆடினால் ஒன்றும் செய்ய முடியாது. மேடையில் நிறுத்தாமல் எதிரே கெட்டித் தரையில் தனி மேசையோ இரும்புத் தளமோ போட்டு அதில் ஸ்டாண்டு மட்டும் நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் வேறொன்றின் மேல் நில்லுங்கள். தாலி கட்டும் நேரத்தில் முன்னால் எழுந்து நிற்பவர்களின் தலைக்கு மேல் லென்ஸ் இருக்க வேண்டும், அதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்குப் போட்டே காலின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாளில் அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். அங்கே மூன்று காலை விரிக்க இடம் கேட்பதே முறையில்லை. யாராவது பாட்டி ஸ்டாண்டின் காலில் தடுக்கி விழுந்துவிடுவார். அந்த மாதிரி இடத்துக்கு ஒற்றைக்கால் ஸ்டாண்டான மோனோபாட் எடுத்துப் போங்கள்.

பிளேட் பற்றிச் சுருக்கமாக

கேமராவின் அடியில் மாட்டும் பிளேட் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மாதிரி. சுலபமாகக் கிடைக்கும் பிளேட் உள்ள ஹெட்டாக எடுங்கள், உபரியாக ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்ய பிளேட் நீளமாக இருக்க வேண்டும். சிறிய கேமராவுக்கு 1/4 அங்குலத் திருகு, பெரியவற்றுக்கு 3/8. தோள் கேமராவுக்கு வி.சி.டி-14 வகை தனி அடாப்டர் வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது

உங்கள் கேமராவை முழுச் சாமானோடு கொண்டுபோங்கள். இது நிபந்தனை மாதிரி. பக்கத்தில் நல்ல கடை இல்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றாலும் தூக்கிக்கொண்டு போங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் இந்தச் சோதனையை வீட்டில் செய்துவிடுங்கள்.

கால்களை விரித்து, முறுக்கிப் பார்த்து, அழுத்திப் பாருங்கள். மட்டம் வையுங்கள். கேமராவை ஏற்றி, பிளேட்டை முன்பின் நகர்த்திக் கேமரா நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரண்டு டிராக்கையும் பூஜ்யத்தில் வைத்து முன்னால் சாய்த்து, கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு விடுங்கள். பிறகு பின்னால் சாய்த்து விடுங்கள். இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஸ்பிரிங்கில் படி இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

இனி டிராக்கை நடுவில் வைத்து, லென்ஸை முழு ஜூமில் வைத்து, கடையின் எதிர்ச் சுவரில் ஏதாவது ஒரு எழுத்தை ஃப்ரேமின் ஓரத்தில் வையுங்கள். ரொம்ப ரொம்ப மெதுவாகத் திருப்பி அந்த எழுத்தை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஹேண்டிலிலிருந்து கையை எடுங்கள். தொடங்கும்போது ஒரு வெடுக் இருந்ததா? நிறுத்திக் கையை எடுத்ததும் எழுத்து கொஞ்சம் பின்னால் போனதா? இரண்டும் இல்லாமல் இருந்தால் நல்ல ஹெட். கிரீஸ் ஹெட் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். இதையே மூலைவாட்டில், அதாவது திருப்பிக்கொண்டே மேலே ஏற்றியும் செய்யுங்கள். படிக்கட்டு மாதிரி ஏறினால் இரண்டு டிராக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹேண்டிலையும் பாருங்கள். ஜூம், ரெக்கார்டு பட்டன் உள்ள ரிமோட்டை மாட்ட இடம் வேண்டும். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் ஹேண்டிலை அந்தப் பக்கம் மாற்ற முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கலாமா? தாராளமாக. புதிதாக ஒரு சுமாரான ஹெட் வாங்கும் பணத்தில் நல்ல நிறுவனத்தின் பழைய ஹெட் கிடைத்தால் நான் பழையதைத்தான் எடுப்பேன். ஹெட்டின் இடுக்கில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். டிராக்கின் எல்லாப் படிகளிலும் வித்தியாசம் தெரிகிறதா, அந்த பிளேட் இன்னும் கிடைக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் கடற்கரை வேலை செய்த ஸ்டாண்டு என்றால் கிளிப்புகளின் திருகில் வெள்ளைப் பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து வேலை செய்து பாருங்கள்.

வாங்கிய பிறகு

தினமும் ஒரே வரிசையில் நிறுத்திப் பழகுங்கள். கால், மட்டம், கேமரா, முன்பின் சமன், ஸ்பிரிங், கடைசியாக டிராக். கேமரா ஹெட்டில் முழுக்க உட்கார்ந்து 'டக்' என்ற சத்தம் வந்ததா என்று கேட்டு, மேலே இழுத்துப் பார்த்த பிறகே கையை விடுங்கள்.

இறக்கும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். ஸ்பிரிங் பலமாக வைத்திருக்கும்போது சாய்ந்த நிலையில் கேமராவைக் கழற்றினால் ஹெட் விசையோடு நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். முதலில் நேராக்கி, லாக் போட்டு, அப்புறம் கழற்றுங்கள். பையில் வைக்கும்போது லாக்குகளைத் தளர்த்திவிடுங்கள். வண்டியில் இடிபட்டாலும் ஹெட் திரும்பிக் கொடுக்கும், உள்ளே எதுவும் உடையாது.

பேன் செய்யும்போது முடிக்கும் இடத்தில் உடம்பு வசதியாக இருக்க வேண்டும். அதற்கு, முடிக்கப்போகும் திசையைப் பார்த்துக் காலை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் முறுக்கித் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். உடம்பு முறுக்கு அவிழ்ந்துகொண்டே வர, கேமரா கூடவே வரும். வீட்டு மாடியில் தினம் கால் மணி நேரம், தெருவில் போகும் மின்கம்பியைக் கேமராவால் பின்தொடர்ந்து இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை திருப்பிப் பழகுங்கள். ஒரு மாதத்தில் கை தானாக வேலை செய்யும்.

கடற்கரையிலிருந்து திரும்பிய இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஸ்டாண்டைப் பையோடு மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கால்களை ஒவ்வொரு குழாயாக நீட்டித் துடையுங்கள். கிளிப்புக்குள் மணல் இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முள்ளையும் ஸ்பிரெடரையும் தண்ணீர் விட்டே கழுவலாம், ஆனால் ஹெட்டின் மேல் ஊற்ற வேண்டாம், அதற்கு ஈரத்துணி போதும். ஹெட் இறுக்கமாக இருக்கிறதே என்று துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயையோ தையல் மெஷின் எண்ணெயையோ உள்ளே விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சிலிகான் கெட்டுவிடும். கால்களை நீட்டியபடியே விசிறிக் காற்றில் விடியும்வரை நிற்க வைத்து, காலையில் காய்ந்ததும் மடக்குங்கள். பையையும் உதறி, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். அதன் தையலில் நிற்கிற மணல்தான் அடுத்த முகூர்த்தத்தன்று கிளிப்புக்குள் வந்து உட்காரும்.